விண்ட்ஹூக்கின் குடிநீர் சாக்கடையில் தொடங்குகிறது

கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குவது பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர்கள் உடனே சிங்கப்பூரைச் சுட்டிக்காட்டுவார்கள். சிங்கப்பூரின் நியூவாட்டர் பாராட்டுக்குரிய சாதனைதான். ஆனால் அங்கே தயாராகும் நீரில் பெரும்பகுதி மின்னணுச் சில்லு தயாரிக்கும் ஆலைகளுக்கும் கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளுக்கும் போகிறது. வறட்சிக் காலங்களில் ஒரு சிறு பங்கு நீர்த்தேக்கங்களில் கலக்கப்பட்டு, மீண்டும் ஒருமுறை வழக்கமான சுத்திகரிப்புக்கு உட்பட்ட பிறகே வீட்டுக் குழாய்க்கு வருகிறது. நடுவில் ஏரியோ ஆறோ இல்லாமல், சுத்திகரித்த கழிவுநீரை நேராகக் குடிநீர்க் குழாயிலேயே சேர்க்கும் துணிச்சலான வேலையை 1968ஆம் ஆண்டிலிருந்து செய்துவரும் நகரம் ஒன்று உண்டு. அது நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹூக். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு, சிங்கப்பூரைவிட இந்த நகரத்திடமிருந்து கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்று வெகுநாளாகவே தோன்றிவருகிறது.

விண்ட்ஹூக் இந்த வழிக்கு வந்தது விரும்பி அல்ல. சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் மிக வறண்டது நமீபியா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் அமைந்த தலைநகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 360 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் அங்குள்ள வெயில் அதைப்போல் பல மடங்கு நீரை ஆவியாக்கிவிடக் கூடியது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் எல்லாம் நாட்டின் எல்லைகளில்தான் இருக்கின்றன. வடகிழக்கில் உள்ள ஒக்கவாங்கோ ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவு. கடல்நீரைக் குடிநீராக்கிக் கொண்டுவரலாம் என்றால், கடற்கரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஃபான் பாக், ஸ்வாகோப்போர்ட், ஓமாடாக்கோ என்னும் மூன்று அணைகளும் மழை வந்தால் மட்டுமே ஓடும் ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்டவை. இவற்றில் ஓமாடாக்கோ ஆழம் குறைந்தது. அதில் வரும் நீரை வெயில் குடிப்பதற்குள் ஃபான் பாக் அணைக்கு மாற்றிவிடுகிறார்கள்.

அந்த நாடு தென்னாப்பிரிக்காவின் நிர்வாகத்தில் இருந்த காலத்தில், 1958இல், நகரத்தை ஒட்டி கோரியாங்காப் என்ற சிறிய அணையைக் கட்டி, அதன் நீரைச் சுத்திகரிக்க ஒரு நிலையத்தையும் அமைத்தார்கள். அணைநீர் போதவில்லை. பக்கத்திலேயே காம்மாம்ஸ் கழிவுநீர் நிலையத்திலிருந்து, வானத்தை நம்பாமல், நாள் தவறாமல் நீர் வந்துகொண்டிருந்தது. 1968இல் அந்தக் குடிநீர் நிலையத்தை மாற்றியமைத்து, சுத்திகரித்த கழிவுநீரையும் அதில் ஏற்றத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டருக்கும் குறைவான கொள்ளளவு. உலகில் வேறெங்கும் முன்மாதிரி இல்லை. அன்று தொடங்கிய வேலை, நாடு 1990இல் விடுதலை பெற்ற பிறகும் தொடர்ந்து, 2002இல் நாளொன்றுக்கு 2 கோடியே 10 லட்சம் லிட்டர் தரும் புதிய நிலையமாக விரிந்தது. நகரின் குடிநீரில் வழக்கமாகக் கால் பங்கு இங்கிருந்து கிடைக்கிறது. தேவைப்படும்போது 35 சதவீதம் வரை கலக்கிறார்கள். பழைய நிலையத்தின் நீர் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் போகிறது.

அருவருப்பு பற்றிய கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஈரோட்டின் கழிவுநீர் காவிரியில் கலக்கிறது. அதற்குக் கீழே கரூரும் திருச்சியும் காவிரியிலிருந்துதான் குடிநீர் எடுக்கின்றன. மேல்மடைக்காரர் கழித்ததைக் கீழ்மடைக்காரர் குடிப்பது ஆற்றங்கரை நகரங்கள் எல்லாவற்றிலும் நடப்பதே. அங்கெல்லாம் திட்டமும் கணக்கும் இல்லாமல் நடப்பதை விண்ட்ஹூக் திட்டத்தோடும் கணக்கோடும் செய்கிறது. என்னைக் கேட்டால், திட்டமிட்டுக் குடிப்பவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை நமக்கு இல்லை.

விண்ட்ஹூக் திட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவரான லூகாஸ் வான் வூரன் என்ற தென்னாப்பிரிக்க ஆய்வாளர் சொன்னதாக, நீரை அதன் வரலாற்றைக் கொண்டு மதிப்பிடாமல் தரத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்ற வாசகம் ஒன்று இத்துறையில் மிகப் பிரபலம். மாநாட்டு மேடைகளில் அடிக்கடி காதில் விழும். மக்களின் தயக்கத்தைப் போக்கச் சொல்லப்பட்டது என்ற அளவில் நல்ல வாசகம்தான். ஆனால் விண்ட்ஹூக் நடந்துகொள்ளும் விதம் இதற்கு நேர்மாறானது என்பதே என் எண்ணம். நீரின் வரலாற்றை அந்த நகரம் அளவுக்குத் துருவிப் பார்க்கும் நகரங்கள் குறைவு. எந்தத் தெருவின் சாக்கடை எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே பிரித்துவிட்டுத்தான் அவர்கள் மற்ற வேலைகளைத் தொடங்குகிறார்கள்.

காம்மாம்ஸ் நிலையத்துக்குப் போவது பெரும்பாலும் வீடுகளின் கழிவுநீர். தோல் பதனிடும் ஆலை, இறைச்சிக்கூடம், மது ஆலை போன்றவை உள்ள வடக்குத் தொழிற்பகுதியின் கழிவுநீர் தனிக் குழாயில் வேறு பக்கம் திருப்பப்படுகிறது. 2014 முதல் அதற்கென உஜாம்ஸ் என்ற இடத்தில் தனி நிலையமே இயங்குகிறது. அந்த நீர் குடிநீர்ப் பாதைக்குள் நுழைவதே இல்லை. இதன் முக்கியத்துவம் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். வீட்டுச் சாக்கடை எவ்வளவு நாறினாலும் அதில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும்: மலம், சிறுநீர், சோப்பு, எண்ணெய், உணவுத் துகள், கொஞ்சம் மருந்து. இன்று இருந்ததுதான் நாளையும் இருக்கும். தொழிற்சாலைக் கழிவு அப்படியல்ல. செவ்வாய்க்கிழமை இரவு யாரோ ஒருவர் ஒரு தொட்டியைக் கழுவிவிட்டால், நாம் பட்டியலில் வைத்துத் தேடாத ஒரு வேதிப்பொருள் நிலையத்துக்குள் வந்துவிடும். தேடாத பொருள் எந்தப் பரிசோதனையிலும் தென்படாது.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடியில் செலுத்துவதில் 1970களிலிருந்தே அனுபவம் உள்ள இடம் அது. எதிர் சவ்வூடுபரவல், அதாவது நாம் ஆர்.ஓ. என்று சொல்லும் முறையைக் கழிவுநீருக்கு முதன்முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்களும் அவர்களே. அங்கே 2000ஆம் ஆண்டை ஒட்டி, 1,4-டையாக்ஸேன் என்ற கரைப்பான் சவ்வையும் தாண்டி வந்திருப்பது தெரிந்தது. தேடிப்போனால், அது ஒரே ஒரு தொழிற்சாலையின் கழிவிலிருந்து வந்திருந்தது. அந்த வாயிலை அடைத்ததும் அளவு குறைந்தது. பிறகு புறஊதாக் கதிரோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்க்கும் ஒரு கட்டமும் கூட்டப்பட்டது. சவ்வைத் தாண்டி எதுவும் வராது என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு நிகழ்வைப் படித்தாலே போதும். மிகச் சிறிய, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகளை ஆர்.ஓ. சவ்வு முழுவதும் தடுப்பதில்லை.

இனி கோரியாங்காப் நிலையத்துக்குள் போகலாம். காம்மாம்ஸில் நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமப்பொருளையும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீக்கிய நீர், சில நாட்கள் முதிர்வுக் குளங்களில் தங்கிவிட்டு இங்கே வருகிறது. முதலில் ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கரித்தூளையும் ஓரளவு ஓசோனையும் செலுத்துகிறார்கள். பின்பு ஃபெரிக் குளோரைடு சேர்த்து நுண்துகள்களைத் திரட்டி, அடியிலிருந்து நுண்ணிய காற்றுக் குமிழிகளை விட்டு அந்தத் திரளை மேலே மிதக்கவைத்து வழித்தெடுக்கிறார்கள். கழிவுநீரிலும் குளத்துநீரிலும் உள்ள துகள்கள், குறிப்பாகப் பாசி, கனமில்லாதவை. அவற்றை அடியில் படியவைப்பதைவிட மிதக்கவைப்பது சுலபம். அடுத்து மணலும் ஆந்த்ரசைட் நிலக்கரியும் கொண்ட வடிகட்டி. அங்கே இரும்பும் மாங்கனீசும் பிடிபடுகின்றன.

அதற்கடுத்து வரும் இரட்டைக் கட்டத்தைத்தான் இந்த நிலையத்தின் உயிர்நாடி என்று சொல்வேன். வடிகட்டிய நீரில் ஓசோனை வலுவாகச் செலுத்துகிறார்கள். ஓசோன் கிருமிகளைக் கொல்வதோடு, நுண்ணுயிர்களால் தின்ன முடியாத பெரிய கரிமச் சேர்மங்களை வெட்டிச் சிறு துண்டுகளாக்குகிறது. இப்படி வெட்டியதை அப்படியே விட்டுவிட்டால் ஆபத்து. குழாய்க்குள் கிருமிகள் வளர அது நல்ல தீனியாகிவிடும். எனவே அந்த நீரை உடனே கரிமணிகள் நிரம்பிய தொட்டிகளின் வழியாகச் செலுத்துகிறார்கள். அந்தக் கரிமணிகளின் மேல் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தத் தீனியைக் குழாய்க்குப் போகுமுன் தின்றுவிடுகின்றன. அவை விட்டுவைத்ததை அடுத்தடுத்துள்ள இரண்டு கரித்தொட்டிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. அதன் பிறகு நுண்துளைச் சவ்வு, குளோரின், இறுதியில் குழாய் அரிக்காமலிருக்கச் சிறிது காஸ்டிக் சோடா.

இத்தனை கட்டங்கள் எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு தடை 99 சதவீதக் கிருமிகளை நீக்கினால், நூற்றில் ஒன்று தப்பும். அதேபோல் இன்னொன்று இருந்தால் பத்தாயிரத்தில் ஒன்றுதான் தப்பும். இயங்கும் முறை வேறுவேறாக இருந்தால் இன்னும் நல்லது; ஓசோனுக்கு அடங்காதது சவ்வில் சிக்கும், சவ்வில் கிழிசல் இருந்தால் குளோரின் பார்த்துக்கொள்ளும். கலிஃபோர்னியா 2023 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நேரடிக் குடிநீர் மறுபயன்பாட்டு விதிகள் இந்தக் கணக்கை உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கின்றன: வைரஸ்களின் அளவை 1க்குப் பின் 20 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அந்த விதிகள் ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால் ஓசோனையும், பாக்டீரியாக்கள் குடியிருக்கும் கரிமணித் தொட்டியையும் வைக்கச் சொல்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். விண்ட்ஹூக் நெடுங்காலமாக நம்பியிருக்கும் அந்த இரட்டைக் கட்டம், பணக்கார மாநிலம் ஒன்றின் சட்டத்தில் கடைசியாக இடம்பிடித்துவிட்டது.

விண்ட்ஹூக்கில் ஆர்.ஓ. கிடையாது என்பதை வாசகர்கள் இந்நேரம் கவனித்திருப்பீர்கள். ஆர்.ஓ. வைத்தால் நல்ல நீர் ஒரு பக்கமும், ஒதுக்கப்பட்ட உப்பெல்லாம் செறிந்த கழிவு இன்னொரு பக்கமும் வரும். கடலோர நகரங்கள் அதைக் கடலில் விட்டுவிடலாம். உள்நாட்டில், மலைமேல் இருக்கும் நகரம் எங்கே கொட்டும்? இதன் கஷ்டத்தைத் திருப்பூரில் உள்ளவர்களிடம் கேட்டால் தெரியும். சாயக்கழிவைத் துளிகூட வெளியே விடக்கூடாது என்ற நிலையில், 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்ட பிறகு, ஆர்.ஓ. ஒதுக்கும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைப்பதற்கு அவர்கள் செலவிடும் எரிபொருளும் பணமும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஆர்.ஓ. இல்லாததற்கும் ஒரு விலை உண்டு. ஒரு நகரத்தின் வழியாக ஒருமுறை போய்வரும் நீரில் ஒவ்வொரு லிட்டருக்கும் சில நூறு மில்லிகிராம் உப்பு கூடிவிடும். அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் சில சுற்றுகளில் உவர்ப்பு நாக்கில் தெரியத் தொடங்கும். 35 சதவீதம் என்ற வரம்புக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. மீதமுள்ள அணைநீர்தான் உப்பைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. அணைகள் வற்றினால் இந்த முறையும் தள்ளாடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு சிறு புலம்பல். நம் ஊரில் தண்ணீரின் தரம் என்றால் டி.டி.எஸ். எண் என்றாகிவிட்டது. வீட்டுக்கு வரும் ஆர்.ஓ. விற்பனையாளர் பேனா போன்ற ஒரு கருவியைத் தம்ளரில் வைத்து எண்ணைக் காட்டுகிறார், நாமும் மிரண்டுபோகிறோம். அந்தக் கருவி கரைந்த உப்பை மட்டுமே சொல்லும். நல்ல குடிநீர் 300 காட்டலாம். காலராக் கிருமி உள்ள நீர் 80 காட்டலாம். விண்ட்ஹூக்கின் நிலையத்தில் கண் வைத்துப் பார்ப்பது முக்கியமாகக் கலங்கலையும், கரைந்த கரிமப்பொருளின் அளவையும், புறஊதா ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதையும். கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையும் நடக்கிறது. ஆனால் அதன் முடிவு வருவதற்கு ஒரு நாளாவது ஆகும். அதற்குள் நீர் குடித்து முடிக்கப்பட்டிருக்கும். ஆகவே நொடிக்கு நொடி அளக்கக்கூடிய ஏதேனும் ஒன்று எல்லை மீறினால் கிருமி இருப்பதாகவே எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டியிருக்கிறது.

அப்படி எல்லை மீறினால் நிலையம் நகரத்துக்கு நீர் அனுப்புவதை நிறுத்திவிட்டு, நீரைத் தன் உள்ளேயே சுழற்றிக்கொள்ளும். தரம் தவறினால் நடத்துபவருக்குப் பண அபராதமும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு தவறு நடந்தால் நீர்த்தேக்கம் சில நாள் அவகாசம் கொடுக்கும். விண்ட்ஹூக்கில் அந்த அவகாசம் இல்லாததால் நிறுத்தும் துணிவு கட்டாயமாகிறது. நம்மூர் நிர்வாகங்களோடு பழகியவன் என்ற முறையில் எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது இந்தக் கட்டம்தான். ஓசோன் கருவியையும் சவ்வையும் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கிவிடலாம். கோடையின் நடுவில், மக்கள் குடத்தோடு நிற்கையில், இன்றைய நீர் சரியில்லை என்று சொல்லி வால்வை மூட ஓர் இளநிலைப் பொறியாளருக்கு அதிகாரம் கொடுத்து, மூடியதற்காக அவரை மறுநாள் இடமாற்றம் செய்யாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தப்புள்ளி கிடையாது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, இந்நீரால் நோய் பரவியதாக இந்த அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் நிறுவப்படவில்லை. 1970களிலும் 80களிலும் நடந்த ஆய்வு, அந்நகரின் வயிற்றுப்போக்கு நோய்க்கும் இந்நீருக்கும் தொடர்பு காணவில்லை. மக்களின் வாழ்நிலை வேறுபாட்டோடுதான் தொடர்பு தெரிந்தது. ஆனாலும் மருந்துகளின் மிச்சம் போன்ற மிக நுண்ணிய அளவுகளைப் பல பத்தாண்டுகள் உட்கொள்வது பற்றிய கவலையை, ஒரு சிறிய நகரத்தின் அனுபவத்தைக் காட்டி முழுவதுமாகத் தீர்த்துவிட முடியாது. விண்ட்ஹூக்கே அப்படி உரிமை கொண்டாடுவதில்லை; தொடர்ந்து அளந்துகொண்டிருக்கிறது.

மக்கள் ஏற்பார்களா என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டுவூம்பா ஒரு பாடம். கடும் வறட்சியில் இருந்த அந்நகரம் 2006 ஜூலையில் வாக்கெடுப்பு நடத்தியபோது, சுமார் 62 சதவீதம் பேர் மறுசுழற்சிக் குடிநீரை நிராகரித்தனர். தொழில்நுட்பத்தில் அவர்கள் விண்ட்ஹூக்கைவிடப் பின்தங்கியிருக்கவில்லை.

சென்னையைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது நியாயமாகாது. இரண்டு நகரங்களுக்கும் உண்மையாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. கோரியாங்காப் நிலையத்தை நடத்த 2001இல் அமைந்த கூட்டு நிறுவனத்தில் பங்குபெற்றவற்றுள் ஒன்றான வாபாக், இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நிறுவனம். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019ஆம் ஆண்டின் இறுதியில், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை கொண்டுசென்று சுத்திகரிக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஒன்றின் நீர் மணலி, மீஞ்சூர் பக்கத்து ஆலைகளுக்கும் மற்றொன்றின் நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கும் போகிறது. ஆலைகள் விட்டுக்கொடுக்கும் ஏரிநீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. இதை முதல் படியாக வைத்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

அடுத்த படியாக ஏரிகளில் கலக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. அப்போதெல்லாம் விவாதம் எந்தச் சவ்வு, எத்தனை கோடி ரூபாய் என்பதிலேயே சுற்றிவருகிறது. எனக்கு முதலில் பார்க்க வேண்டியது நகரத்தின் பாதாளச் சாக்கடை வரைபடம். எந்தெந்த உந்து நிலையத்துக்கு வீட்டுக் கழிவு மட்டும் வருகிறது, எதில் பட்டறைகளும் மின்முலாம் பூசும் கூடங்களும் மருத்துவமனைகளும் கலந்திருக்கின்றன, இரவில் லாரிகள் எந்தத் துளையில் கொட்டிவிட்டுப் போகின்றன என்ற கணக்கு வேண்டும். கலப்பில்லாத ஒரு பகுதியின் கழிவை மட்டும் எடுத்துக்கொண்டு, கலங்கலும் கரிமப்பொருளும் மணிக்கு மணி எவ்வளவு என்பதை யாரும் பார்க்கும்படி ஓரிரு ஆண்டுகள் வெளியிட்டு, எத்தனை முறை வால்வு மூடப்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் போட்டால், போரூர் ஏரியில் அந்த நீரைக் கலப்பதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன்.